மலையேற்றத்தில் வந்த கருகல் வாடை: டேப்பட் கவர் பேக்கிங்கும் பிசிவி வால்வும் மாற்றிய பிறகான அனுபவம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலையில் ஆழியாறைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. வேலை நிமித்தம் அடிக்கடி அந்த மலையேறும் என்னுடைய 1.2 லிட்டர் பெட்ரோல் கார், ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்த பிறகு, ஏற்றத்தின் பாதியில் கருகல் வாடையை உள்ளே விடத் தொடங்கியது. சமவெளியில் நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது வாடை அறவே இல்லை. ஏறி முடித்து வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில்தான் அது மிகுதியாக இருந்தது.

முதலில் காட்டிய பணிமனையில் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்றார்கள். மலைப் பாதையில் ஓடும் வண்டி என்பதால் அந்த ஊகம் இயல்பானதுதான். ஆனாலும் பல ஆயிரம் ரூபாய் செலவாகும் வேலையை வாடையை மட்டும் வைத்து முடிவு செய்ய எனக்கு மனமில்லை. கிளட்ச் கருகினால் எரிந்த காகித வாடை வரும்; அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும்போது அது கூடும்; உயர் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வேகம் ஏறாமல் இன்ஜின் சுற்று மட்டும் ஏறும். என் வண்டியில் இவற்றில் ஒன்றுமே இல்லை. வந்த வாடை, தாளிக்கும் சட்டியில் எண்ணெய் காய்ந்து புகைவதைப் போன்றது. கூலண்ட் கசிந்தால் வாடை இனிப்பாக இருக்கும், பெல்ட் வழுக்கினால் ரப்பர் வாடையோடு கீச்சொலியும் கேட்கும். பிளாஸ்டிக் அல்லது வயர் உருகும் வாடை மட்டும் இவற்றோடு சேர்த்துப் பேசக்கூடியதல்ல: அது வந்தால் வண்டியை உடனே ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். புகையும் தெரிந்தால் பானெட்டை முழுவதும் திறக்கவே கூடாது. உள்ளே பாயும் காற்று நெருப்பை வளர்த்துவிடும்.

ஏசியில் உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றியதும் வாடை குறைந்தது. வெளிக்காற்றை எடுக்கும் வழி முன்கண்ணாடியின் அடியில் இருப்பதால், வாடை பானெட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது, இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின்விளிம்பில் ஈரமும், அதன் கீழே, எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் வெப்பத் தகட்டில் பழுப்புக் கறையும் தெரிந்தன. என் வண்டியில் மேனிபோல்டு, ஓட்டுநர் அறையை நோக்கிய பின்பக்கத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் வண்டியின் முகம் மேல்நோக்கி நிற்பதால், அந்த மூடிக்கு அடியில் இருக்கும் சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஆயில் பின்விளிம்பில் தேங்குகிறது. மூடியின் விளிம்பை அடைக்கும், இறுகிப்போன ரப்பர் பேக்கிங்கின் வழியாகக் கசிந்து, பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் மேனிபோல்டின் மேல் விழுந்து கருகுகிறது. மலையில் மட்டும் ஏன் வாடை வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அந்த இடம் முழுவதையும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசர் கொண்டு துடைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை மலையேறிவந்து பார்த்து, புதிய ஈரம் எங்கே தொடங்குகிறது என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே பேக்கிங் மாற்றப்பட்டது. துடைக்காமல் பார்த்தால் பழைய அழுக்கு எல்லா இடத்தையும் கசிவு போலவே காட்டும். ஆயில் மாற்றும்போது சிந்திய துளிகூடச் சில நாட்கள் இதே வாடையைத் தரும் என்பதால், சர்வீஸ் முடிந்த உடனே வரும் வாடைக்கு இந்த அளவு கவலைப்படத் தேவையில்லை. பேக்கிங்கின் விலை சில நூறு ரூபாய்தான்.

ஆனால் சில மாதங்களிலேயே அதே விளிம்பில் மீண்டும் ஈரம் தெரிந்தது. இந்த அனுபவத்தில் மற்றவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்று கருதுகிறேன். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை இன்டேக் பக்கம் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வு, கரி படிந்து அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத அந்த வாயுவின் அழுத்தம், ஆயிலைப் பலவீனமான இடத்தின் வழியாகத் தள்ளுகிறது. புதிய பேக்கிங்கும் அந்த அழுத்தத்திற்கு நெடுநாள் ஈடுகொடுக்க முடியாது. வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென ஒலி வரவேண்டும், என்னுடையதில் வரவில்லை. ரிங் தேய்ந்திருந்தாலும் இதே அழுத்தம் உண்டாகும் என்பதால், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் செய்யச் சொன்னேன். நான்கு சிலிண்டர்களும் சரியாகவே இருந்தன.

வால்வையும் பேக்கிங்கையும் மாற்றி இரண்டாம் முறை வேலை செய்த மெக்கானிக் மிகவும் பொறுமையானவர். பழைய சீலண்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, இன்ஜினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவர் வந்து சேரும் இரண்டு மூலைகளில் மட்டும் புதிய சிலிக்கான் சீலண்ட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கினார். இத்தகைய சிறிய போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கமே பொதுவாகப் போதுமானது. சரியான அளவை அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கசிவை நிறுத்தும் எண்ணத்தில் கூடுதலாக இறுக்கினால் கவர் வளைந்து கசிவு அதிகமாகும்.

அதன் பிறகு பல மழைக்காலங்கள் கடந்துவிட்டன. வால்பாறை ஏறி இறங்கி நிறுத்தினாலும் வாடை இல்லை, மேனிபோல்டின் தகடு உலர்ந்தே இருக்கிறது, இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையே மேலே ஊற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. பிசிவி வால்வை ஆயில் மாற்றும்போதெல்லாம் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். மழைக்காலத்துக் குறுகிய ஓட்டங்களுக்குப் பிறகு அதில் வெண்மையான கூழ் லேசாகப் படிந்திருப்பதைக் கண்டு, துடைத்துப் பொருத்தியதும் உண்டு. கிளட்ச் இன்னும் பழையதுதான்.