பார்டினி எஸ்.பி: சின்னக் கைக்கு ஏற்ற பிஸ்டலா?

பெண்களுக்கான 25 மீட்டர் போட்டிக்கு .22 பிஸ்டல் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால், எந்த கம்பெனி, பேரல் எப்படி என்றுதான் பேச்சு போகும். நான் கேட்பது கிரிப்பை, அதாவது கைப்பிடியை. போட்டிக்கென்றே செய்த பிஸ்டலை ஸ்டாண்டில் இறுக்கிச் சுட்டால் எல்லாமே இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்துக்குள்தான் விழும். அந்த 50 மி.மீ. வட்டத்தை விட்டுக் குண்டை வெளியே தள்ளுவது நம் கைதான்.

நான் முதலில் பழகியது கிளப்பில் இருந்த வால்தர் ஜி.எஸ்.பி. 1968-இல் வந்த மாடல், பெட்டி மாதிரி முகம், என் கைக்கு முன்பக்கம் கொஞ்சம் கனம். ஐந்து நிமிடத்தில் ஐந்து தோட்டா சுடும் நிதானச் சுற்றில் அந்தக் கனம் வரம், முனை அசையாது. ரேபிட் சுற்றில் கதை வேறு. 7 விநாடி கை கீழே, 3 விநாடிக்குள் தூக்கி ஒரே தோட்டா, திரும்பவும் கீழே. இப்படி முப்பது முறை தூக்கி இறக்கினால் தோள்பட்டை நம்மோடு பேசவே ஆரம்பித்துவிடும்.

இத்தாலிய .22 பிஸ்டலான பார்டினி எஸ்.பி.யில் எனக்கு அந்தச் சிரமம் இல்லை. தோட்டா நிரப்பும் மேகசின் ட்ரிகருக்கு முன்னால் இருக்கிறது, பேரல் கையை ஒட்டித் தாழ்வாக அமைந்திருக்கிறது. அதனால் சுட்டதும் முனை எகிறாமல், பிஸ்டல் நேராகப் பின்னால் உதைக்கிறது. 4 விநாடிக்குள் ஐந்து இலக்கைச் சுடும் ஆண்களின் ரேபிட் ஃபயருக்கு இது பெரிய விஷயம். எங்களுக்கு அவ்வளவு அவசியம் இல்லை. ஆனாலும் குண்டு போன பிறகும் குறிபார்க்கும் சைட் கண்முன்னாலேயே நிற்பதால், எங்கே தப்பு நடந்தது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

ட்ரிகர் அருமை. முதல் கட்டம் மெதுவாக வந்து நிற்கும், அப்புறம் பட்டென்று விடும். விதிப்படி குறைந்தது 1000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். சரியாக ஆயிரத்தில் வைத்து, போட்டியில் துப்பாக்கியைச் சரிபார்க்கும் சோதனை மேசையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.

இனி கிரிப். சின்ன அளவிலும் கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள். பெரிய கிரிப்பில் விரல் ட்ரிகரை நேராகப் பின்னால் இழுக்காது, பக்கவாட்டில் தள்ளும். சின்னதிலும் கட்டைவிரல் பக்கம் அரத்தால் கொஞ்சம் தேய்த்து, உள்ளங்கைக் குழியில் மரப்புட்டி வைத்த பிறகுதான் எனக்குப் பொருந்தியது. புட்டியை அள்ளி அப்பிவிடக் கூடாது. பிஸ்டல் மொத்தமும் 300 × 150 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். அந்த 50 மி.மீ. அகலத்தில்தான் ஆட்கள் சிக்குவார்கள்.

தோட்டா விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஸ்டாண்டர்டு வேகத் தோட்டாவே போதும், எனக்கு எஸ்.கே. கம்பெனியின் ‘பிஸ்டல் மேட்ச்’ தோட்டா ஒத்துப்போகிறது. மெழுகும் ஈயமும் தோட்டா உட்காரும் சேம்பரில் படிந்தால் எந்த .22-உம் ஜாம் ஆகும், துடைக்கச் சோம்பல் கூடாது.

புதிதாக வருபவர்கள் இதை வாங்க அவசரப்பட வேண்டாம். கிளப் துப்பாக்கியிலேயே ஸ்கோரை ஏற்றுங்கள். ஆயுத உரிமம் தனி வேலை. இறக்குமதிக்கு ‘ரினௌன்ட் ஷூட்டர்’ தகுதியும் வேண்டும், அது போட்டியில் எடுக்கும் ஸ்கோரால் வருவது. வாங்கும் நாள் வந்தால் கூடுதல் மேகசின்களைச் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள், பின்னால் தனியாக வரவழைப்பது பெரிய அலைச்சல்.