பச்சை ரேப்பரை நம்பி 18650 செல் வாங்காதீர்கள்

ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு 3எஸ்4பி பேக் (நான்கு செல்லைப் பேரலலில் இணைத்த குழுக்கள் மூன்று, சீரிஸில்) கட்ட, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையொன்றில் வாங்கிய 18650 ரக லித்தியம் அயன் செல்கள் பன்னிரண்டும் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உரித்து எடுத்தவை. பச்சை ரேப்பர், அதில் ‘சாம்சங் 25ஆர்’ என்ற அச்சு, செல் ஒன்று 220 ரூபாய். “ஃப்ரெஷ் பீஸ் சார், பாக்ஸ் இன்னிக்குத்தான் பிரிச்சோம்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கொள்ளளவு 2,500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) இருக்க வேண்டியவற்றில் நல்ல செல் 1,700, மோசமானது 1,150. திருப்பிக் கொண்டுபோனபோது “செக் பண்ணித்தானே வாங்கினீங்க” என்று கைவிரித்துவிட்டார்கள். பில்லில் ‘பேட்டரி - 12’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

9,900 எம்ஏஎச் என்று அச்சிட்ட செல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 18 மிமீ விட்டமும் 65 மிமீ நீளமும் உள்ள குழாயில் நல்ல கம்பெனி செல்லே 3,500ஐ ஒட்டித்தான் தரும். அந்தப் போலியைத் தராசே காட்டிவிடும், எடை மிகவும் குறைவாக இருக்கும். ரேப்பர் மாற்றிய லேப்டாப் செல்தான் ஆளை ஏமாற்றுகிறது. அசல் 25ஆர் 45 கிராம், லேப்டாப் செல்லும் ஏறத்தாழ அதே எடை. தராசில் வைத்துப் பார்த்துத் திருப்தியடைந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய உருப்படியான சோதனை, மல்டிமீட்டரை வைத்து எல்லாச் செல்லையும் அளப்பது. ஒரே பெட்டியில் வந்த புதுச் செல்கள் 3.4 முதல் 3.6 வோல்ட்டுக்குள், ஒன்றுக்கொன்று சில நூறில் ஒரு பங்கு வோல்ட் வித்தியாசத்தில் நிற்கும். இந்த 12 செல்லில் 3.2ம் இருந்தது, 3.9ம் இருந்தது. அடுத்து மைனஸ் முனையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். புது செல்லின் அடி ஒரே சீரான பளபளப்பாக இருக்கும். உரித்த செல்லில் பழைய பட்டையை ஒட்டிய ஸ்பாட் வெல்டின் சாம்பல் புள்ளிகள் தெரியும், அல்லது அவற்றை மறைக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்த நேர்க்கோடுகள் தெரியும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தக் கோடுகளைத் தேடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் 8.2 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும். செல்லை 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்து, ரெசிஸ்டரை மாட்டி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் சராசரியாக 0.45 ஆம்பியர். 3 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆனதோ அதை 450ஆல் பெருக்கினால் கொள்ளளவு எம்ஏஎச்சில் கிடைக்கும். அசல் 25ஆர் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். மேலே சொன்ன மோசமான செல் இரண்டரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. வோல்ட்டை ஹோல்டரின் ஒயரில் அளக்காமல் செல்லின் முனையிலேயே அளக்க வேண்டும், மலிவு ஹோல்டரின் ஸ்பிரிங் கணக்கைக் கெடுத்துவிடும். ரெசிஸ்டர் சுடும், பீங்கான் தட்டில் வையுங்கள்.

உள்தடை (செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை) பார்க்க 2.2 ஓம் ரெசிஸ்டரைப் பத்து விநாடி மட்டும் மாட்டுங்கள். நல்ல செல்லில் வோல்ட் 0.05, 0.06 அளவுக்கு இறங்கும். 0.2க்கு மேல் விழுந்தால் அந்தச் செல் பேக்குக்கு உதவாது. கடைசியாக, நிரம்பச் சார்ஜ் செய்து ஒரு வாரம் சும்மா வைத்துப் பாருங்கள். 4.1க்குக் கீழே போன செல்லை எதிலும் சேர்க்காதீர்கள்.

இத்தனையும் எதற்கென்றால், 3.9 செல்லையும் 3.2 செல்லையும் அப்படியே பேரலலில் வெல்ட் செய்தால் இரண்டுக்கும் நடுவே சட்டென்று பல ஆம்பியர் பாயும். சீரிஸில் கொள்ளளவு குறைந்த சொத்தைக் குழு முதலில் நிரம்பிவிடும், 12.6 வோல்ட் சார்ஜரோ மேலும் தள்ளிக்கொண்டே இருக்கும். பிஎம்எஸ் (பேக்கைக் காக்கும் சர்க்யூட் போர்டு) இருந்தால் அங்கேயே துண்டித்துவிடும், பேக் பாதி நிரம்பியதோடு நிற்கும். பிஎம்எஸ் இல்லையென்றால் அந்தக் குழு 4.3ஐத் தாண்டும், உள்ளே வாயு சேரும், சூடேறும். குழுக்களைச் சமன்செய்யும் பிஎம்எஸ்ஸின் பேலன்ஸ் மின்னோட்டம் சில பத்து மில்லி ஆம்பியர்தான், இவ்வளவு ஏற்றத்தாழ்வை அது சரிக்கட்டாது. டிரில் பேக்குக்குப் போட்டால் இன்னும் மோசம்: 25ஆர் 20 ஆம்பியர் தாங்கும், லேப்டாப் செல் அதில் கால்வாசிகூடத் தாங்காது.

செல்களை இணைக்க அதே கடையில் வாங்கிய நிக்கல் பட்டையும் இரும்புதான், மேலே நிக்கல் பூச்சு. பட்டையைக் கீறி உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டால் துரு காட்டிக்கொடுக்கும். காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அசல் நிக்கலும் காந்தத்தில் ஒட்டும்.

காசு கொடுக்கும் முன் மாடல் பெயரையும் ‘புதியது’ என்ற வார்த்தையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம். செல்களின் படம், அளந்த வோல்ட், எடுத்த நேரம் எல்லாவற்றையும் வாங்கிய அன்றே குறித்து வையுங்கள். தேறாத செல்களின் இரு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டுவிடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும், பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர்.