காலேஜ் ஃபுட்பால் பந்தய ஆப்: சில சீசன் போட்டுப் பார்த்த பிறகு

நான் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த மத்தியத் தடையை நீக்கியதே எங்கள் மாநிலம் நடத்திய வழக்கில்தான். அடுத்த மாதமே இங்கே கவுண்டர் திறந்துவிட்டார்கள், அப்புறம் ஆப்களும் வந்தன. சில சீசன்களாக என் போனில் இரண்டு ஆப் இருக்கின்றன. சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பால் (கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்) தவிர வேறெதிலும் போடுவதில்லை. எந்த ஆப் என்று எழுதவில்லை. பெரிய ஆப்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

காசு வந்ததா என்றுதான் முதலில் கேட்பீர்கள். இல்லை. சீசனுக்கு இவ்வளவு என்று தனியாக எடுத்து வைக்கிறேன். முடிவில் அதில் கொஞ்சம் குறைந்திருக்கும், எப்போதாவது கொஞ்சம் கூடியிருக்கும். காரணம் எளிய கணக்கு. ஸ்ப்ரெட் பந்தயத்தில், அதாவது புள்ளி வித்தியாசத்தின் மேல் கட்டுவதில், 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். அந்த விலையில் நூற்றுக்கு 52.4 தடவையாவது சரியாகச் சொன்னால்தான் கைக்காசு போகாது. பாதிக்குப் பாதி ஜெயிப்பவன் நஷ்டத்தில்தான் இருப்பான்.

ஸ்ப்ரெட் என்பது பலமான அணிக்கு வைக்கிற சுமை. மைனஸ் 7 என்று போட்டிருந்தால் அந்த அணி 7 புள்ளிக்கு மேல் ஜெயிக்க வேண்டும். சரியாக 7 என்றால் போட்ட பணம் அப்படியே திரும்பி வரும். இரண்டு ஆப் வைத்திருப்பதற்குக் காரணமே இதுதான். ஒரே ஆட்டத்துக்கு ஒன்றில் 6.5 இருக்கும், இன்னொன்றில் 7.5 இருக்கும். டச்டவுனும் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) கூடுதல் உதையும் சேர்ந்தால் 7, ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3. அதனால் நிறைய ஆட்டங்கள் 3, 7 என்ற வித்தியாசத்தில் போய் முடிகின்றன. 7-இல் முடிந்தால் 6.5-இல் வாங்கியவனுக்குக் காசு, 7.5-இல் வாங்கியவனுக்குப் பட்டை நாமம். எந்த அணி ஜெயிக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எந்த ஆப்பில் விலை நன்றாக இருக்கிறது என்று இரண்டு நிமிடம் பார்ப்பதில்தான் எனக்குப் பலன் தெரிந்தது.

காலேஜ் ஆட்டம் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். மாதிரி இல்லை. மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கு மேல் அணிகள், அவற்றுக்குள் பலத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 30, 40 புள்ளி ஸ்ப்ரெட் எல்லாம் சாதாரணம். அப்படிப்பட்ட ஆட்டங்களை நான் தொடுவதில்லை. மூன்றாவது கால் பகுதியிலேயே பெரிய அணி இரண்டாம் வரிசைப் பையன்களை இறக்கிவிடும். அதற்கப்புறம் எத்தனை புள்ளி எடுப்பது என்பது கோச்சின் மனதைப் பொறுத்தது. தலைகீழாகவும் நடக்கும். 2024 அக்டோபரில், நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமா வாண்டர்பில்டிடம் 40-35 என்று தோற்றது. ஸ்ப்ரெட்டோ அலபாமா பக்கம் 20 புள்ளிக்கு மேல்.

இன்னொரு சிக்கல், யார் ஆடுகிறார் என்றே தெரியாது. என்.எஃப்.எல்.லில் காயப் பட்டியல் வெளியிடுவது கட்டாயம். கல்லூரிகளில் ரொம்ப காலம் அப்படி எதுவும் கிடையாது. கல்லூரி லீக்குகளான பிக் டென் 2023-இலும் எஸ்.இ.சி. 2024-இலும்தான் ஆரம்பித்தன. டிசம்பர் பவுல் ஆட்டங்கள் (வழக்கமான சீசன் முடிந்தபின் நடப்பவை) இன்னும் மோசம். என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டை நினைத்துப் பாதிப் பேர் ஆட மாட்டார்கள், மீதிப் பேர் வேறு கல்லூரிக்கு மாறக் கிளம்பியிருப்பார்கள். 2023-இல் தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் இடம் கொடுக்கவில்லை. ஆரஞ்சு பவுலுக்கு வந்தபோது அணியில் முக்கியமான ஆட்கள் இல்லை. ஜார்ஜியா 63-3 என்று அடித்தது. சீசன் முழுக்கப் பார்த்து வைத்த கணக்கு அன்றைக்கு எதற்கும் உதவாது. பவுல் சமயத்தில் ஆப்பைத் திறப்பதையே நான் விட்டுவிட்டேன்.

மொத்தப் புள்ளி மேலா கீழா என்று போடும் பந்தயம் பிடிக்கும், ஆனால் ஓவர்டைம் புள்ளியும் அதில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. 2024 நவம்பரில் ஜார்ஜியாவும் ஜார்ஜியா டெக்கும் வழக்கமான நேரம் முடியும்போது 27-27, மொத்தம் 54. எட்டு ஓவர்டைம் ஓடி 44-42 என்று முடிந்தது, மொத்தம் 86. கீழே என்று போட்டவர்கள் அந்த ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஆப்பைப் பற்றி. திறந்ததும் முதலில் கண்ணில் படுவது பார்லே, அதாவது மூன்று நான்கு பந்தயங்களைக் கோத்து ஒன்றாகக் கட்டுவது. எல்லாம் ஜெயித்தால் பெரிய தொகை, ஒன்று விட்டாலும் பூஜ்யம். மூன்றைக் கோத்தால் போட்டதற்கு மேல் ஏறக்குறைய ஆறு மடங்கு லாபம் தருகிறார்கள். மூன்றும் ஜெயிக்க எட்டில் ஒரு வாய்ப்பு என்பதால் நியாயமாகத் தர வேண்டியது ஏழு. ஒற்றைப் பந்தயத்தைவிட இதில் கம்பெனிக்குப் பங்கு அதிகம், அதனால்தான் ‘போனஸ்’, ‘பூஸ்ட்’ என்று இதையே தள்ளுகிறார்கள். நடு ஆட்டத்தில் போடும் லைவ் பந்தயமும் அப்படித்தான். நம் டிவி பல விநாடி பின்னால் ஓடுகிறது, அவர்களுக்குத் தகவல் முன்னாலேயே போய்விடுகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு இவ்வளவுதான் போட முடியும் என்று டெபாசிட் வரம்பு வைக்கலாம். குறைத்தால் உடனே அமலாகும், கூட்ட வேண்டுமென்றால் அந்தக் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் தோற்றுவிட்டு, விட்டதைப் பிடிக்கிறேன் என்று ராத்திரி கலிஃபோர்னியா ஆட்டத்தில் இறங்கும் ஆளுக்கு இது பெரிய பாதுகாப்பு. நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளிலும் ஒஹாயோ, மிச்சிகன் பக்கத்துச் சிறிய கல்லூரிகளின் ஆட்டம் வரும். பொழுது போகாமல் பந்தயம் கட்டத் தூண்டுவதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸின் மைதானம் இங்கிருந்து கூப்பிடு தூரம், ஆனால் ரட்கர்ஸ் ஆட்டம் ஆப்பில் வராது. நியூ ஜெர்சிக் கல்லூரி அணிகளின் மேல் பந்தயம் கட்ட இங்கே அனுமதி இல்லை. 2021-இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. மாணவர்கள் மேல் தனித்தனியாகக் கட்டும் பந்தயத்தையும் எல்லா மாநிலங்களும் நிறுத்த வேண்டும் என்று கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் சார்லி பேக்கர் 2024-இல் கேட்டார், ஒஹாயோ நிறுத்தியும் விட்டது. இருபது வயதுப் பையன் பந்தைத் தவறவிட்டதற்காக அவனுக்கு மிரட்டல் அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆப்பில் அந்தப் பகுதி இருந்தாலும் நான் போவதில்லை.

வரி விஷயம். ஜெயித்தது முழுவதும் வருமானம். தோற்றதைக் கழிக்கலாம், ஆனால் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டித் தாக்கல் செய்பவர்களுக்கு மட்டும்தான். 2025-இல் நிறைவேறிய சட்டப்படி 2026-லிருந்து அதிலும் 90 சதவீதம்தான் கழியும். 10,000 ஜெயித்து 10,000 தோற்றவன், கையில் ஒன்றும் இல்லாமலே 1,000 டாலருக்கு வரி கட்ட வேண்டும். பெரிய தொகை புரட்டுபவர்கள் இதை இப்போதே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். பார்லே பக்கத்தை மறைத்து வைக்க ஒரு வசதி கொடுத்தால் நான்கு.