படகுத்துறையில் வானிலைக் கருவி வைக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

புதுச்சேரி நோணாங்குப்பத்துக்குப் பக்கத்தில், சுண்ணாம்பாற்றை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. கரையில் சின்னதாக ஒரு மரத்துறை. எங்கள் ஃபைபர் படகு இரண்டும், அக்கம்பக்கத்தார் படகு நாலைந்தும் அங்கேதான் கட்டிக் கிடக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் அப்பாவின் படகு துறையோடு போனது. துறையில் காற்றையும் மழையையும் அளக்க ஒரு கருவி, கூடவே ஒரு கேமரா வைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று வந்ததுதான்.

2024 மார்ச்சில் நகரத்தில் கண்காணிப்புக் கேமரா மாட்டிக்கொடுக்கும் கடை ஒன்றில் 64,000 ரூபாய் கொடுத்தேன். "வெதர் ஸ்டேஷனும் நாங்களே போடுறோம் சார், நிறைய ரிசார்ட்டுக்குப் போட்டிருக்கோம்" என்றார்கள். பில்லில் "வெதர் ஸ்டேஷன், கேமரா, ஒரு செட்" என்று ஒரே வரி. மாடல் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை. இரண்டு பையன்கள் வந்து மோட்டார் கொட்டகை ஓரமாக ஏழடிக் குழாயை நட்டு, ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போனார்கள். என் செல்போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். அதில் காற்று, மழை, வெப்பம் எல்லாம் அழகாக ஓடியது. பக்கத்து ஆட்களுக்கும் அதைப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூனில் ஒரு சாயங்காலம் முக்கால் மணி நேரம் இடியோடு கொட்டியது. வாளி நிறைந்துவிட்டது. செயலியில் மழை பூஜ்யம். கடைக்குப் போன் போட்டால், "அது லோக்கல் மழை சார், சாட்டிலைட்ல வராது" என்றார். என் தோப்பில் நிற்கும் மழைமானிக்குச் சாட்டிலைட் எதற்கு? இந்தக் கேள்வியை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். மத்தியானமே எதிர்வீட்டுப் பெரியவர் வந்து, "காத்து சரியில்ல தம்பி, போட்டை மேல இழுத்துடலாம்" என்றார். நான் செல்போனைக் காட்டினேன். மணிக்கு 28 கிலோமீட்டர் என்று இருந்தது. "சாயங்காலம் பார்த்துக்கலாம்ணே" என்றேன். சாயங்காலம் ஆள் நிற்க முடியாத காற்று. எங்கள் படகுகளை எப்படியோ ஏற்றிவிட்டோம், அவருடையதை எட்ட முடியவில்லை. துறைக் கட்டையில் மோதி மோதி அதன் அடி பிளந்துபோனது. இரவு புயல் கரையைக் கடந்த பிறகும் மழை விடவில்லை. ஊரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது.

மறுநாள் தோப்புக்குப் போய்ப் பார்த்தால் தென்னை மட்டை விழுந்து குழாய் ஒடிந்து, கருவி மொத்தமும் சேற்றில் கிடக்கிறது. கரண்ட் இல்லை, வீட்டு வைஃபையும் இல்லை. ஆனால் செல்போனில் செயலி அப்போதும் காற்று 22 கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது! அப்போதுதான் புரிந்தது. எட்டு மாதமாக நாங்கள் பார்த்தது எங்கள் துறைக் காற்றே இல்லை. இணையத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் கணிப்பு எண்களைத்தான் என் கருவியின் பெயரில் ஓடவிட்டிருக்கிறார்கள்.

விவரம் தெரிந்த நண்பரோடு உட்கார்ந்து கருவியைப் பிரித்தேன். மழைமானிக்குள் குட்டித் தொட்டி ஒன்று தராசு போல இப்படியும் அப்படியும் சாய வேண்டும். ஒவ்வொரு சாய்வும் ஓர் அளவு. பெட்டியில் வரும்போது அது ஆடாமலிருக்க ஒட்டி அனுப்பும் டேப்பைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. கம்பத்துக் கருவி தன் அளவுகளை ரேடியோ அலையில் வீட்டுக்குள் இருக்கும் உள்பெட்டிக்கு அனுப்ப வேண்டும், அது வைஃபை வழியாகச் செயலிக்கு அனுப்பும். இதுவோ அமெரிக்காவுக்குச் செய்த 915 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மாடல். இந்தியாவில் உரிமமில்லாமல் இப்படிப்பட்ட கருவிகளுக்கு விட்டிருப்பது 865 முதல் 868 வரை. உள்பெட்டியை எங்கள் வைஃபையோடு இணைக்கவே இல்லை. சரி, எல்லாம் ஒழுங்காக இணைத்திருந்தாலும் காற்றளவு தேறியிருக்காது. காற்றுமானியைத் திறந்த வெளியில் பத்து மீட்டர் உயரத்தில் வைப்பதுதான் முறை. கொட்டகையோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளி வைக்க வேண்டும். இவர்கள் தென்னைக்கு நடுவே ஏழடியில் வைத்தார்கள். வெப்பமானி நின்றது தகரக் கூரைக்கு ஒரு முழம் மேலே.

கேமரா விஷயம் இதைவிடக் கோபம். அதன் முதன்மைக் கணக்கு கடைக்காரர் பெயரில், அவர் செல்போனில் இருந்தது. எனக்குக் கொடுத்தது வெறும் பார்வையாளர் அனுமதி. அந்தத் துறையில் எங்கள் வீட்டுப் பெண்கள் துணி துவைப்பார்கள், பிள்ளைகள் குளிப்பார்கள். எட்டு மாதம் அது வேறொருவர் கையில் இருந்திருக்கிறது. கணக்கை மாற்றிக் கொடுங்கள் என்றால், வருடப் பராமரிப்புக்கு 6,000 ரூபாய் கட்டச் சொன்னார். அன்றே கேமராவைக் கழற்றிவிட்டேன்.

நீங்கள் வாங்கினால் மாட்ட வந்தவர்கள் கிளம்புவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். காற்றுமானியில் சுழலும் கிண்ணத்தைக் கையால் பிடித்து நிறுத்தினால் செயலியிலும் காற்று பூஜ்யத்துக்கு வர வேண்டும். மழைமானிப் புனலின் வாய் 20 செ.மீ. விட்டம் என்றால் 314 மில்லி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள், ஏறத்தாழ 10 மி.மீ. காட்ட வேண்டும். வேறு அளவாக இருந்தால் வாய்ப்பரப்பு எத்தனை சதுர செ.மீ.யோ அத்தனை மில்லி. அப்புறம் உள்பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். கொஞ்ச நேரத்தில் எண் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் பணம் கொடுக்காதீர்கள். கேமரா கணக்கை உங்கள் எண்ணில், உங்கள் கடவுச்சொல்லில், உங்கள் கண்ணெதிரே தொடங்கச் சொல்லுங்கள். பில்லில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நானும் கொடுத்திருக்கிறேன். ஒடிந்த குழாய், டேப் ஒட்டிய தொட்டி, கம்பம் விழுந்த பிறகும் ஓடிய செயலித் திரை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்ததுதான் அதற்கு உதவியது.

பெரியவரின் படகுக்கு அடி ஒட்டுகிற செலவில் பாதியை நான் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தவர், கடைசியில் வாங்கிக்கொண்டார்.