கோபில்ட் அகராதியும் 'கம் அக்ராஸ்' என்ற வினையும்

தேடாமலே ஒன்று கண்ணில் படுவதை ஆங்கிலத்தில் 'கம் அக்ராஸ்' என்பார்கள். 'தட்டுப்பட்டது', 'கண்ணில் பட்டது' என்று நம்மிடமும் சொல் உண்டு. சிக்கல் எழுவாயில் இருக்கிறது. 'பழைய கடிதம் என் கண்ணில் பட்டது' என்பதில் கடிதம்தான் எழுவாய். அந்தப் பழக்கத்தில் 'அன் ஓல்ட் லெட்டர் கேம் அக்ராஸ் மீ' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பார்த்தவர்தான் எழுவாயாக வேண்டும்: 'ஐ கேம் அக்ராஸ் அன் ஓல்ட் லெட்டர்'.

'எதிர்ப்படு' என்று மட்டும் பொருள் தரும் ஆங்கிலம்–தமிழ் அகராதி இந்தத் தவறை வளர்க்கவே செய்யும். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் தரும் காலின்ஸ் கோபில்ட் முந்துவது இங்கேதான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-இல் வெளிவந்த இந்த அகராதி, பொருளை முழு வாக்கியமாகச் சொல்கிறது. விளக்கமே 'இஃப் யூ கம் அக்ராஸ் சம்திங்' என்றுதான் தொடங்கும். எழுவாய் யார், செயப்படுபொருள் எது என்பது அந்த நான்கைந்து சொற்களிலேயே தெளிந்துவிடுகிறது. இலக்கண விதி தனியாகத் தேவையில்லை.

'கண்டுபிடி' தரும் குழப்பத்துக்கும் இதே முறை கைகொடுக்கும். தொலைந்த சாவி கிடைத்தால் 'ஃபவுண்ட்'. உண்மையோ தகவலோ தெரியவந்தால் 'ஃபவுண்ட் அவுட்'. 'ஐ ஃபவுண்ட் அவுட் மை கீ' தவறு. மணிக்கணக்காகத் தேடி எடுத்த சாவிக்குக் 'கம் அக்ராஸ்' பொருந்தவே பொருந்தாது.

சொல் வரிசையில் மட்டும் கோபில்ட் பின்தங்குகிறது. அகராதியில் தேடிப் பார்ப்பதற்கு 'லுக் இட் அப்' சரி, 'லுக் அப் இட்' தவறு. 'கம் அக்ராஸ் இட்' சரி, 'கம் இட் அக்ராஸ்' தவறு. இதைக் கோபில்ட் இலக்கணக் குறிகளால் காட்டுவதால், குறி விளக்கத்தைப் படிக்காதவருக்குப் புரியாது. லாங்மன் அகராதி, செயப்படுபொருள் இடம் மாறக்கூடிய வினைகளில் இருமுனை அம்புக்குறி போடுகிறது; பார்த்ததும் விளங்கும். 'கம் அக்ராஸ்' செயப்பாட்டு வினையில் வராது என்று வெளிப்படையாகக் குறிப்பது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி.

காலின்ஸ் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று அகராதிகளின் விளக்கம் வரிசையாக வரும். 'கோபில்ட்' என்ற தலைப்பு உள்ள பகுதியை மட்டும் படியுங்கள். மற்றவற்றில் முழு வாக்கிய விளக்கம் இருக்காது.