குளுவாங்கில் ஒரு தொழிலாளர் ஆலோசனை மேசை

மனச்சோர்வால் வேலைக்குப் போக முடியாமல், வேலையும் கையைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்கள் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள குளுவாங் வட்டாரத்தில் யாரை நாடலாம் என்று கேட்டால், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் தொழிலாளர் ஆலோசனை மேசையைத்தான் நான் சொல்வேன். பணி ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர் ஒருவரும், தோட்டத்தில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்த ஒருவரும் காசு வாங்காமல் செய்துவரும் இந்தச் சேவைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ரெங்கம், பாலோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஒருவர் சொல்லி ஒருவர் தெரிந்துகொண்டு வருகிறார்கள்.

நான் என் தங்கை மகனை அழைத்துக்கொண்டு போனேன். செம்பனை (பாமாயில்) ஆலையில் ஐந்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தவன், இரவு ஷிப்டு முடிந்தும் தூக்கமில்லாமல், யாரிடமும் பேசாமல், கடைசியில் ஒரு நாள் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். ராஜினாமாக் கடிதத்தை அவனே எழுதிக் கொடுத்துவிட்டால் பெயர் கெடாது என்று ஆலையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். "இப்போதைக்கு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் தம்பி, முதலில் கிளினிக்குக்குப் போய் டாக்டரைப் பாருங்கள்" என்பதுதான் அந்த மேசையில் அவனுக்குக் கிடைத்த முதல் ஆலோசனை. இந்த வரிசைக்காகவே இந்தச் சேவையைப் பாராட்டுகிறேன். அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம் என்பதையும், மனநல நிபுணரைப் பார்ப்பதற்கான கடிதத்தை அங்கேயே பெறலாம் என்பதையும் அவர்கள் சொல்லித்தான் அவன் போனான்.

அடுத்து அவர்கள் சட்டத்தை விளக்கிய விதம் என்னைக் கவர்ந்தது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, முன்அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர், தக்க காரணம் இல்லாவிட்டாலோ, காரணம் இருந்தும் தகவல் சொல்ல முயலாவிட்டாலோ, ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். மனம் நொறுங்கிப் போனவர் கைப்பேசியையே எடுக்க மாட்டார் என்பதால், அவரைப் போன்றவர்கள் வேலையை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே வீட்டில் இருப்பவர்களாவது மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) அன்றே ஒரு செய்தி அனுப்பி, அதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்தவரும் நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். நிர்வாகம் நியமித்த பேனல் டாக்டர் இருந்தால் முதலில் அவரிடம்தான் போக வேண்டும், அவர் உரிய நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காதபோதுதான் வேறு டாக்டரின் சான்று செல்லும். ஐந்தாண்டு நிறைந்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால், 2023ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள திருத்தப்படி 60 நாள் தனியாக உண்டு. உடல் நோய்க்கு ஒரு கணக்கு, மன நோய்க்கு வேறு கணக்கு என்று சட்டத்தின் நோய் விடுப்புப் பிரிவு பிரிக்கவில்லை. இதைக் கேட்டபோது என் மருமகன் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவர்கள் பொய்யான நம்பிக்கையையும் கொடுப்பதில்லை. நீண்ட காலம் வேலை செய்ய முடியாத நிலை வந்தால், முறையான மருத்துவச் சான்றின் பேரில் முதலாளி வேலையை முடித்துவைக்க இடமிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். ஆனால் நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர், அல்லது மிரட்டி ராஜினாமா எழுதி வாங்கப்பட்டவர், 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் தொழிலியல் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, சமரசப் பேச்சில் வழக்கறிஞருக்கு இடமும் இல்லை. அந்த 60 நாள் தவறினால் எவ்வளவு உருக்கமான கதையும் எடுபடாது. மனச்சோர்வில் இரண்டு மாதம் எப்படிக் கரையும் என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கெடுவின் கடுமை புரியும். மருமகனுக்கு அந்த மனு தேவைப்படவில்லை. வராத நாள்களுக்கான காரணத்தை விளக்கி, டாக்டரின் கடிதத்தை இணைத்து அவர்கள் மலாய் மொழியில் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஆலை ஏற்றுக்கொண்டது. இப்போது பகல் ஷிப்டில் இருக்கிறான்.

குறைகளும் உண்டு. தனியறை கிடையாது. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாரம் நிரப்ப வந்து காத்திருப்பவர்களின் காதில் விழும்படி ஒருவர் தம் மனநோயைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது, எல்லாரும் எல்லாரையும் அறிந்த இந்த ஊரில் சிறிய விஷயமன்று. ஒரு தட்டியாவது வைக்க வேண்டும். ஆலோசகர்கள் இருவரும் ஆண்கள் என்பதால், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் தளர்ந்த பெண்கள் படியேறத் தயங்குவார்கள். மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கும்படி சற்று அவசரமாகவே பரிந்துரைக்கிறார்கள் என்பதும் என் கருத்து. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேலையில் சம உரிமையைப் பேசினாலும், மீறும் முதலாளியைத் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. ஆகவே வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்த அட்டை ஒன்றையே நம்பக்கூடாது.

போகிறவர்கள் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், எம்.சி. தாள்கள், மண்டோருக்கு அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். இவை இல்லாமல் போனால் பாதி நேரம் நினைவுகூர்வதிலேயே கழியும். சனிக்கிழமை வரை தாங்காது என்ற நிலையில் இருப்பவர்கள் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்க வேண்டும், அல்லது நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடிதங்களை அதன்பின் எழுதிக்கொள்ளலாம்.