பயறு ஒண்டர், தென்னை டானிக்: யுனிவர்சிட்டி பாக்கெட்டும் அவங்க விவசாய சேவையும், என்னோட ரிவ்யூ

நெல் தரிசு உளுந்துக்கு இந்த வருஷமும் பயறு ஒண்டர்ங்கற இலைவழி சத்து தான் அடிச்சோம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட தயாரிப்பு, டிஎன்ஏயுன்னு சொல்லுவாங்களே அவங்க தான். எங்க பக்கம் டெல்டா, சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கப்பவே ஈரத்துல உளுந்த தெளிச்சு விட்ருவோம், அதுக்கு தனியா உழவும் கிடையாது அடியுரமும் கிடையாது, குடுக்குறதெல்லாம் இலை வழியா தான்.

முன்னாடி டிஏபி உரக் கரைசல் அடிப்போம். ஏக்கருக்கு நாலு கிலோவ ராத்திரியே ஊறப்போட்டு, காலைல கலக்காம மேலாக்க தெளிஞ்ச தண்ணிய மட்டும் வடிகட்டி எடுத்து, 200 லிட்டராக்கி பூக்குறப்ப ஒரு தடவ, 15 நாள் கழிச்சு இன்னொரு தடவ. வடிகட்டுறதுல கொஞ்சம் அசந்தா மண்டி போய் நாசில்ல அடைச்சுக்கும், டேங்க முதுகுல இருந்து இறக்கி கழட்டி ஊதிட்டு நிக்கணும். பயறு ஒண்டர்ல அந்த ரோதனையே இல்ல. ஏக்கருக்கு ரெண்டு கிலோ, 200 லிட்டர் தண்ணி, கொஞ்சம் ஒட்டும் திரவம், பூக்குற சமயத்துல ஒரே தடவ, முடிஞ்சுது. சத்தும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்தே இருக்கு, மகசூல் 20 சதவீதம் வரைக்கும் கூடும்னு பல்கலைக்கழகம் சொல்லுது. எங்க வயல்ல கண்ணால பாத்தது பூ உதிராம செடியிலயே நின்னது தான், செடிக்கு அடியில கொட்டிக் கிடக்குறது நல்லாவே கம்மி.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது பேர பத்தி. பயறு ஒண்டர், நிலக்கடலை ரிச், பருத்தி பிளஸ், மக்காச்சோள மேக்சிம், கரும்பு பூஸ்டர், தென்னை டானிக்... எந்த பயிருக்குன்னு பேர்லயே இருக்கு, யாரு போய் கேட்டாலும் மாத்தி வாங்கிட்டு வர முடியாது. ரகத்துக்கு பேர் வைக்கிறதும் இதே மாதிரி தான், ஆடுதுறைனா ஏடிடி, கோயம்புத்தூர்னா கோ, வம்பன் உளுந்து, பெரியகுளத்துல இருந்து வந்த பிகேஎம் 1 முருங்கை. ஊர் பேரும் நம்பரும் மட்டும் தான், விளம்பரமே இல்லாம ஜனங்க வாயில நிக்குது, பிகேஎம் 1 விதைய வெளிநாட்டுல கூட பேர் சொல்லி கேட்டு வாங்குறாங்க. ஒரு பல்கலைக்கழகத்துக்கு இதவிட பெரிய மார்க்கெட்டிங் வேணுமா சொல்லுங்க.

இதுல ஒரு ஓட்டையும் இருக்கு. பயிர் பேர் கூட பொதுவான ஒரு வார்த்தைய சேத்துட்டா யார் வேணா அத எடுத்துக்கலாம். டவுன்ல ஒரு கடையில தென்னை டானிக்னு கேட்டா வேற ஏதோ பாட்டில எடுத்து "இதுவும் அதேதாண்ணே"ன்னு நீட்டுனாங்க, திருப்பி திருப்பி பாத்தேன், பல்கலைக்கழகம் பேரே எங்கயும் இல்ல. வாங்காம வந்துட்டேன். அதனால டிஎன்ஏயு முத்திரைய இன்னும் பெருசா, தூரத்துல இருந்தே தெரியுற மாதிரி போடணும், பேருக்கு சமமா முத்திரையும் மனசுல பதியணும்.

அடுத்தது சேவை. பாக்கெட்டுக்கு இருக்குற தெளிவு சேவைக்கு இல்லங்கறது தான் என் வருத்தம். உழவன் ஆப் மாநில அரசோடது, 1800-180-1551 கிசான் கால் சென்டர் மத்திய அரசோடது, அக்ரிடெக் போர்ட்டல்ங்கற இணையதளம் பல்கலைக்கழகத்தோடது, கேவிகேங்கற வேளாண் அறிவியல் நிலையத்த பல இடத்துல பல்கலைக்கழகம் நடத்துது ஆனா பணம் டெல்லியில இருந்து வருது. எங்க ஊர்ல இது எல்லாத்துக்கும் ஒரே பேர் "அக்ரி ஆபீஸ்". இந்தியாவோட முதல் கேவிகேயே 1974ல புதுச்சேரியில இந்த பல்கலைக்கழகத்த நம்பி தான் ஆரம்பிச்சாங்க, அப்படிப்பட்ட இடத்தோட கேவிகேல நோய் விழுந்த இலைய கொண்டு போய் காட்டி கேக்கலாம், பயிற்சிக்கு போகலாம்னு பக்கத்து வயல்காரருக்கே தெரியல. போர்ட்டல்ல தமிழ்லயே அவ்ளோ விஷயம் கொட்டிக் கிடக்கு, பயிர் வாரியா பூச்சி நோய் எல்லாம் இருக்கு, ஆனா அதோட பேர சொன்னா யாருக்கும் புரியல. "உழவரின் வளரும் வேளாண்மை"ன்னு மாசாமாசம் ஒரு பத்திரிகை வருது, அந்த பேர் பாருங்க எவ்ளோ நல்லாருக்கு, அந்த மாதிரி ஒரே பேர சேவை எல்லாத்துக்கும் வச்சு ஒவ்வொரு பாக்கெட் பின்னாடியும் அச்சடிச்சா போதும். பாக்கெட் தான் எல்லா வீட்டுக்கும் போகுதே, சந்தேகம்னா எந்த கேவிகேக்கு வரணும்னு அதுலயே போட்டுடலாமே.

தென்னை டானிக் வேர் வழியா குடுக்குற சத்து, அத போடுறவங்களுக்கு ஒண்ணு. மரத்துல இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி தோண்டி பென்சில் கனத்துல இளம் வேரா பாத்து, நுனிய சாய்வா சீவி, 200 மில்லி டானிக் இருக்குற பைக்குள்ள விட்டு நூலால கட்டிடுங்க. காஞ்சு போன வேர்ல கட்டுனா உறிஞ்சாது, மறுநாள் பை அப்படியே இருந்துச்சுன்னா வேற வேர் பாத்து மாத்துங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடணும். குரும்பை கொட்டுற மரத்துக்கு முதல்ல குடுங்க. பயறு ஒண்டர் வேணுங்கறவங்க உளுந்து விதைக்கறப்பவே பக்கத்து கேவிகேல சொல்லி வச்சிருங்க, பூ எடுத்தப்புறம் தேடி அலைய நேரம் இருக்காது.